மாமாவின் பத்தொன்பதாயிரமும் ரிசர்வ் பாங்க்கும்!

காலை ஏழு மணிக்கு செல்போன் அடித்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள். இரண்டு, அபிராமம் மாமா. 2022 ஜூனில் அடித்தது இரண்டாவது.

"மாப்ள, மூணு லட்சத்துல பத்தொன்பதாயிரத்து ஐநூறு ரூபாயைக் காணோம்!"

"எங்க வச்சீங்க மாமா? பீரோவுல நல்லாப் பாருங்க."

"பீரோவுல வச்சிருந்தா உன்னை ஏன்டா கேக்குறேன்? நீ வாங்கச் சொன்னியே, கவர்மெண்டு பத்திரம்... அதுல காணோம்!"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மதுரையிலிருந்து மானாமதுரை, பார்த்திபனூர் வழியாக அபிராமத்துக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக சீமைக் கருவேலமும், தண்ணீர் இல்லாத கண்மாயும், என் குற்றவுணர்ச்சியும்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மிளகாய் வத்தல் வியாபாரம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு வத்தல் இருக்கிறதே, அதை மூட்டை மூட்டையாகப் பார்த்து, கையில் ஒன்றை எடுத்துக் கிள்ளி, "இது போன வருஷச் சரக்கு" என்று சொல்லிவிடுகிற ஆள். யாராலும் ஏமாற்ற முடியாது. ஆனால், தொண்ணூறுகளில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஏமாற்றிவிட்டது. அப்போது தமிழ்நாடு முழுக்க அந்த சீசன். நூற்றுக்கு 24 வட்டி, 30 வட்டி, போதாததற்கு டெபாசிட் போட்ட அன்றே குத்துவிளக்கு. கடைசியில் கம்பெனி போனது, மானேஜர் போனார், மாமாவின் வட்டியும் முதலும் போயின. குத்துவிளக்கு மட்டும் இன்னும் வீட்டில் எரிகிறது. அந்தக் கூத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் மாட்டித்தான், 1997-ல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் 2022 பொங்கலுக்குப் போய், பி.காம். பட்டதாரி என்ற ஒரே தகுதியில், "மாமா, அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கலாம்" என்று ஆரம்பித்தேன். 2021 நவம்பர் 12-ம் தேதி ரிசர்வ் பாங்க் 'ரீட்டெயில் டைரக்ட்' என்று ஒரு வசதியைத் தொடங்கியது. அதற்கு முன்னால் அரசுப் பத்திரச் சந்தை என்றால் பாங்க், எல்.ஐ.சி. என்று யானைகள் மட்டும் குளிக்கிற ஆறு. இப்போது பான் கார்டு, பாங்க் கணக்கு, செல்போன் இருந்தால் 10,000 ரூபாய்க்கு மாமாவும் காலை நனைக்கலாம். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. நடுவில் ஏஜென்ட் இல்லை. (ஏஜென்ட் இல்லாததால்தான் இதைப் பற்றி யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வதில்லை!)

"யாருடா கியாரண்டி?"

"இந்திய அரசாங்கம்."

"எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சி வந்தாலும் கொடுத்துத்தான் ஆகணும் மாமா."

மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் 3 லட்சம் போட்டார். 2032 ஜனவரி 17-ல் முடிகிற பத்திரம், வட்டி 6.54 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 9,810 ரூபாய் தானாக பாங்க் கணக்கில் வந்து விழும். குத்துவிளக்கு கிடையாது. மாமா அதிலேயே நம்பிவிட்டார்.

ஐந்தே மாதத்தில் இந்த போன்.

குடோனுக்குள் நுழைந்தேன். வத்தல் நெடி. ஐந்து தும்மலுக்குப் பிறகுதான் பேச முடிந்தது. விஷயம் இதுதான். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகிவிட்டது. ஒரு லட்சம் எடுக்கலாமே என்று விலை பார்த்திருக்கிறார்கள். 100 ரூபாய்ப் பத்திரம் 93 ரூபாய் 50 காசு என்றிருக்கிறது.

"மாமா, உங்ககிட்ட ஒரு வீடு இருக்கு, வாடகை 654 ரூபாய்னு வைங்க. பக்கத்துலயே அச்சு அசலா அதே மாதிரி புது வீடு கட்டி 750 ரூபாய் வாடகை வருது. ரெண்டையும் ஒரே விலைக்கு எவனாவது வாங்குவானா?"

"எவன் வாங்குவான்? கிறுக்கனா?"

"அதேதான். உங்க பத்திரம் 654 வீடு. இப்ப சந்தையில பத்து வருஷத்துக்கு ஏழரை சதவீதம் கிடைக்குது. அதனால உங்க வீட்டுக்கு விலை குறைஞ்சுபோச்சு. வட்டி ஏறினா பழைய பத்திரத்தோட விலை இறங்கும். வட்டி இறங்கினா விலை ஏறும். 2032 வரைக்கும் காத்திருந்தா முழு மூணு லட்சமும் வந்துரும். நடுவுல வித்தாதான் இந்தத் தொல்லை."

மாமா என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதைப் பொங்கலுக்கே சொல்லியிருக்கணும்ல?"

சொல்லியிருக்க வேண்டும். பி.காம். புத்தகத்தில் இருந்தது. நான்தான் அந்தக் கேள்வியைச் சாய்ஸில் விட்டுவிட்டேன்.

"சரி, வட்டியை ஏத்துனது யாரு?" என்று அடுத்த கேள்வி. இங்கேதான் ரிசர்வ் பாங்க் கதைக்குள் வருகிறது. 2022 மே 4-ம் தேதி, யாரும் எதிர்பார்க்காத நாளில், அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் டி.வி.யில் தோன்றி ரெப்போ வட்டியை 4-லிருந்து 4.40 ஆக்கினார். ஜூன் 8-ல் 4.90. (2023 பிப்ரவரியில் 6.50-ல் போய் நின்றது.) விலைவாசி ஏற்றம் அந்த ஏப்ரலில் 7.79 சதவீதம், வேறு வழியில்லை. ஆனால், அது பாதிக் கதைதான். மீதிக் கதை, கல்லூரியில் நாமெல்லாம் இரண்டு மார்க்குக்கு உருப்போட்ட ஒரு சமாசாரம். வெளிச்சந்தை நடவடிக்கை!

பெயரைக் கேட்டால் ரோட்டோரக் கடைகளை நகராட்சி அப்புறப்படுத்துவது போல இருக்கும். விஷயம் ரொம்ப சிம்பிள். ரிசர்வ் பாங்க் சந்தையில் இறங்கி, பாங்க்குகளிடம் இருக்கும் பழைய அரசுப் பத்திரங்களை விலைக்கு வாங்கும், அல்லது தன்னிடம் இருப்பதை விற்கும். அவ்வளவுதான். 1934-ம் வருஷத்து ரிசர்வ் பாங்க் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. இன்ன தேதியில் இத்தனை கோடிக்கு வாங்கப்போகிறோம் என்று அறிவிப்பார்கள். பாங்க்குகள் கம்ப்யூட்டரில் விலை சொல்லும். சகாயமாகச் சொன்னவர்களிடம் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குப் பெயர் என்ன தெரியுமோ? 'இ-குபேர்'. ஏழுமலையான் கல்யாணத்துக்கே கடன் கொடுத்த அதே குபேரன்!

மாமாவுக்கு வத்தல் பாஷையில் சொன்னேன். "சந்தைக்கு ஒரு பெரிய வியாபாரி வர்றான். வந்த மூட்டையெல்லாம் எடுக்கிறான். என்ன ஆகும்?"

"விலை ஏறும். யாவாரிக கையில காசு புழங்கும்."

"அவன் வரலைன்னா?"

"போச்சு. மூட்டை கிடக்கும்."

கொரோனா வருஷமான 2020-21-ல் ரிசர்வ் பாங்க் அப்படித்தான் வந்தது. அந்த ஒரு நிதியாண்டில் மட்டும், விற்றது போக, 3.13 லட்சம் கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. 2021-ல் 'ஜி-சாப்' என்று புதுப் பெயர் வைத்து, இரண்டு தவணையாக 2.2 லட்சம் கோடி அறிவித்தது. பத்திர விலை ஏறியே இருந்தது, வட்டி அமுங்கியே இருந்தது. 2021 அக்டோபரில் அந்தப் பெரிய வியாபாரி 'போதும்' என்று பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று மாதம் கழித்து அந்தச் சந்தைக்குள் மஞ்சள் பையோடு நுழைந்தவர்... அபிராமம் மாமா. கூட்டிப்போனவர், அடியேன்.

மாமா ஒரு தடவை தும்மினார் (அவர் தும்மி நான் பார்த்ததே இல்லை). "அவ்வளவு வாங்க அவுகளுக்கு ஏதுடா காசு?"

நல்ல கேள்வி. மாமா வத்தல் வாங்கினால் அவர் கல்லாவில் குறையும். ரிசர்வ் பாங்க் வாங்கினால் எந்தக் கல்லாவிலும் குறையாது. பத்திரம் கொடுத்த பாங்க்கின் கணக்கில் இத்தனை கோடி வரவு என்று எழுதும். எழுதிய அந்த நிமிஷத்தில் அந்தப் பணம் பிறக்கிறது. மறுபடி பத்திரத்தை விற்றால், பாங்க் கொடுக்கிற பணம் ரிசர்வ் பாங்க்குக்குள் போய் மறைகிறது.

"அப்ப கண்மாய்க்கு மடை மாதிரி. திறந்தா வயலுக்குத் தண்ணி, அடைச்சா நின்னுபோகும். மடை திறக்கிறவனுக்கு எங்க ஊர்ப் பக்கம் என்ன பேரு தெரியுமா? மடையன்! உள்நீச்சல் போட்டு, மூச்சடக்கி, கல்லைப் புரட்டித் தண்ணி விடுறவன். லேசுப்பட்ட வேலையில்ல."

ரிசர்வ் பாங்க் கவர்னரை மடையர் என்று நான் சொல்லவில்லை. மாமா சொன்னார். அதுவும் உச்சபட்சப் பாராட்டாக!

"சரி, சும்மா எழுதுற பணம்னா வெலவாசி ஏறாதா?"

ஏறும். அதற்கு பம்பாய் வரை போகவே வேண்டாம், ராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரைக்குப் போனால் போதும். 2022 மார்ச்சில் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கினார்களே இலங்கைத் தமிழர்கள், அப்போது அங்கே சண்டை இல்லை. அரிசியும் பால் மாவும் வாங்கக் காசு பத்தவில்லை. அந்தச் சீரழிவுக்குப் பல காரணங்கள். வரியைக் குறைத்தது, டூரிஸ்ட் வராதது, டாலர் தீர்ந்தது, ரசாயன உரத்தைத் தடை செய்தது எல்லாம் உண்டு. கூடவே, வெளியே யாரும் எடுக்காத அரசாங்கப் பத்திரங்களை மத்திய வங்கியே அரசாங்கத்திடம் நேரடியாக வாங்கிப் பணத்தைப் படைத்துக்கொடுத்ததும் உண்டு. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் கிட்டத்தட்ட 70 சதவீதம். 2023-ல் புது மத்திய வங்கிச் சட்டம் கொண்டுவந்து, அப்படி நேரடியாக வாங்குவதைத் தடுத்தார்கள்.

நாம் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 1955-லிருந்து 1997 வரை இங்கேயும் அதே கூத்துதான். டெல்லிக் கல்லாவில் பணம் குறைந்தால், 'அட்-ஹாக் பில்' என்று 91 நாள் பத்திரம் ஒன்று தானாக உற்பத்தியாகி ரிசர்வ் பாங்க் தலையில் விழும். ரிசர்வ் பாங்க் பணம் கொடுத்தே தீர வேண்டும். வீட்டுக்காரம்மா அஞ்சறைப் பெட்டியில் கை விடுகிற கணவன் மாதிரி. அதற்கு வட்டி, 1974-லிருந்து கடைசி வரை 4.6 சதவீதம். சலுகை வட்டி என்றால் இதுவல்லவா சலுகை!

சரி, பாங்க்குகள்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாங்க்கில் போடுகிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 38.50 ரூபாயை அரசுப் பத்திரம் போன்றவற்றில் போட வேண்டும், 15 ரூபாயை ரிசர்வ் பாங்க்கில் வைக்க வேண்டும் என்று சட்டம். பாதிக்கு மேல் கட்டாயக் கல்யாணம். வட்டியை அரசாங்கமே சொல்லும். ஏலம் விட்டு விலை கண்டுபிடிக்கிற பழக்கம் 1992-ல்தான் வந்தது. அதுவரை இந்தியாவில் பத்திரம் இருந்தது, சந்தை இல்லை.

அஞ்சறைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டவர் நம் அரியலூரில் பிறந்தவர். சி.ரங்கராஜன், அப்போதைய ரிசர்வ் பாங்க் கவர்னர். 1994 செப்டம்பரில் மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது, மூன்று வருஷத்துக்குள் இந்தப் பழக்கத்தை நிறுத்துவது என்று ஒப்பந்தம். 1997 பட்ஜெட்டில் பக்கத்து ஜில்லாவான சிவகங்கையின் எம்.பி. ப.சிதம்பரம் அறிவிக்க, அந்த ஏப்ரலோடு நின்றது. பிறகு 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டப்படி, 2006 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு புதிதாக வெளியிடும் பத்திரத்தை ரிசர்வ் பாங்க் நேரடியாக வாங்கக் கூடாது, விசேஷ நெருக்கடி தவிர. வாங்கினால் செகண்ட் ஹேண்ட்தான், சந்தையில், ஊரறிய. 'வெளிச்சந்தை' என்ற பெயரில் இருக்கிற 'வெளி'க்கு அர்த்தம் இதுதான். இரண்டு மார்க் கேள்வியில் இதை எங்கள் புரொஃபசர் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அன்றைக்கு மாட்னி ஷோவில் இருந்திருப்பேன்.

மாமா மகன் அதுவரை செல்போனில் முகம் புதைத்திருந்தான். திடீரென்று தலை தூக்கி, "அத்தான், இந்த மேட்டர்லதான ஹர்ஷத் மேத்தா காசு அடிச்சான்?" என்றான்.

பையன் வெப் சீரிஸ் பார்த்திருக்கிறான். பலரும் அதை ஷேர் மார்க்கெட் ஊழல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷேர், பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். பணம் எடுத்த இடம் அரசுப் பத்திரம்! ஒரு பாங்க் இன்னொரு பாங்க்குக்குப் பத்திரம் விற்கும், நடுவில் புரோக்கர். பத்திரத்துக்குப் பதிலாக, 'பத்திரம் இருக்கு, அப்புறம் தர்றேன்' என்று ஒரு ரசீது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ரிசர்வ் பாங்க்கில் பேரேட்டில் கையால் எழுதிவந்த காலம். பத்திரமே இல்லாமல் ரசீது மட்டும் ஊர் சுற்றியது. பணம் புரோக்கர் கணக்கில் இறங்கி ஷேர் மார்க்கெட்டுக்குப் போனது. 1992 ஏப்ரல் 23-ல் சுசேதா தலால் பத்திரிகையில் உடைத்தார். ஜானகிராமன் கமிட்டி எண்ணிப் பார்த்தபோது பள்ளம் 4,024 கோடி.

"இப்ப அப்படி முடியாதா?" என்றார் மாமா, பத்தொன்பதாயிரத்தை மறக்காமல். ரசீது விளையாட்டு முடியாது. 1995-லிருந்து பணம் ஒரு கை, பத்திரம் ஒரு கை, இரண்டும் ஒரே நேரத்தில் மாறுகிற ஏற்பாடு. 2002-லிருந்து நடுவில் நின்று இரண்டு பக்கமும் உத்தரவாதம் தர 'கிளியரிங் கார்ப்பரேஷன்' என்று தனி அமைப்பு. மாமாவின் பத்திரம் காகிதமே இல்லை, ரிசர்வ் பாங்க்கின் கம்ப்யூட்டரில் அவர் பெயரில் ஒரு வரி. கரையான் அரிக்காது. அதைப் பார்த்து மாமா சமாதானமானாரா என்றால், "காகிதமும் இல்லையா?" என்று இன்னும் கலங்கினார்.

இதெல்லாம் மாமா பிரச்னை, நமக்கென்ன என்று டிபன் பாக்ஸைத் திறக்கிற ஆபீஸ் நண்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பி.எஃப். பணத்தில் பெரும் பகுதி அரசுப் பத்திரத்தில்தான் இருக்கிறது. உங்கள் எல்.ஐ.சி. பிரீமியமும் அங்கேதான் போகிறது. 2019 அக்டோபருக்குப் பிறகு பாங்க்கில் மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், உங்கள் வட்டி ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. மாமாவுக்குப் பத்தொன்பதாயிரம் காணாமல் போன அதே மாதங்களில்தான் உங்கள் இ.எம்.ஐ. ஏறியது, அல்லது இ.எம்.ஐ. அப்படியே இருந்து தவணை மாதங்கள் மட்டும் சத்தமில்லாமல் நீண்டன. பாங்க்கிலிருந்து வந்த அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு வளையல் வாங்க வேண்டியிருந்ததால், மாமா ஒரு லட்சத்துக்கான பத்திரத்தை மட்டும் விற்றார். கிடைத்தது 93,500. அதுவரை சேர்ந்த வட்டி தனியாக வந்தது. கமிஷன் பிடிக்க ஆள் இல்லை என்பது ஒரு ஆறுதல். மற்ற இரண்டு லட்சத்தையும் விற்றுத் தொலைக்கிறேன் என்று நின்றவரைக் கெஞ்சி நிறுத்தினேன். "2032-ல வரலைன்னா என் சம்பளத்துல தர்றேன் மாமா" என்று சத்தியம் செய்தேன். "உனக்கு ஏது சம்பளம்? பத்திரிகையில எழுதுறவன்தான நீ?" என்றார் அத்தை, காப்பி டம்ளரை நீட்டியபடி.

மூன்று வருஷம் ஓடியது. 2025 ஜனவரியில் பாங்க்குகளிடம் பணம் வற்றிக் கிடந்ததால், ரிசர்வ் பாங்க் மறுபடி மடையைத் திறந்தது. முதலில் 60,000 கோடிக்குப் பத்திரம் வாங்குவதாக அறிவித்து, பிறகு அதற்கு மேலும் வாங்கியது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று ரெப்போவும் 6.50-லிருந்து 5.50-க்கு இறங்கியது.

ஜூன் மாதம் ஒரு காலை ஏழு மணிக்கு செல்போன் அடித்தது.

"மாப்ள, நம்ம பத்திரம் நூத்தைத் தாண்டிருச்சாம்ல. வாங்குறாகளாம்ல ரிசர்வ் பாங்க்ல?"

"ஆமா மாமா. விக்கப் போறீங்களா?"

"எதுக்கு விக்கணும்? பேத்திக்குக் கிடக்கட்டும். நீ இந்த வாரம் ஊருக்கு வா."

போனேன். மாமா குடோனில் கணக்கு நோட்டைப் பிரித்து வைத்திருந்தார். பெரிய மனுஷன், பழசை மறந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடப் போகிறார் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். '2022 ஜூன். மாப்ள பற்று 6,500' என்று இருந்தது. அதற்குக் கீழே, இன்னும் மை காயாமல், மூன்று வருஷ வட்டி 1,275.

6.54 சதவீதம். போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது.